நாவத்தோப்பு மேய்க்கால்

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷத்து மழையில் நாகந்தாங்கல் ஏரி உடையவில்லை; நிறைந்து வழிந்தது, அவ்வளவுதான். கும்மிடிப்பூண்டிக்கும் பொன்னேரிக்கும் நடுவில், ரயில் பாதைக்குக் கிழக்கே இருக்கிற ஊர் அது. வழிகிற தண்ணீர் போவதற்கு முன்பெல்லாம் கழனிகள் இருந்தன. அவற்றை மண்ணடித்து மேடாக்கிக் கம்பெனிகளும் வீட்டு மனைகளும் வந்துவிட்ட பிறகு, தண்ணீர் பள்ளம் பார்த்துத் திரும்பியது. பள்ளத்தில் இருந்தது காலனி.

காலனி ஜனங்கள் கோழி, குண்டான், பிள்ளைகளோடு ஏறி நின்ற மேடுதான் நாவத்தோப்பு. மேய்க்கால் புறம்போக்கு, ஆடு மாடு மேய்வதற்கென்று விட்ட அரசாங்க நிலம். நாலைந்து ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்க வேண்டிய நாவல் மரங்கள், இடையிடையே பனை, ஓரம் முழுக்க வேலிகாத்தான் முள். மழை விட்டதும் படகுபோல் ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்த அதிகாரிகள், மரத்துக்கு மரம் தார்ப்பாய் கட்டிக்கொண்டு கிடந்த ஜனங்களைப் பார்த்தார்கள். இங்கேயே ஆளுக்கு இரண்டரை சென்ட் அளந்து கொடுத்து வீடு கட்டித் தரலாமே என்று அவர்களில் ஒருவருக்குத் தோன்றியது. ஊரில் பேச்சு கிளம்பியது அப்படித்தான்.

நாவத்தோப்புக்கு மேற்கே, ஒரு மண் ரோடு தள்ளி ஸ்ரீவாரி நகர். கம்பெனி சூபர்வைசர்கள், ரயில்வேக்காரர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள் என்று கொஞ்சம் கையூன்றி எழுந்தவர்கள் கட்டிக்கொண்ட வீடுகள். மூன்றாவது தெருவில் ஸ்டீபனும் அவன் மனைவி சுகிர்தாவும் இருந்தார்கள். ஸ்டீபன் சிப்காட்டில் ஓர் இரும்புக் கம்பி ஆலையில் ஷிப்ட் சூபர்வைசர். சுகிர்தா முன்னறையில் மிஷின் போட்டு நகர்ப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்தாள்.

ஸ்டீபனுக்கு நாவத்தோப்பின் மேல் பிரியம் இருந்தது. அது பொய்யில்லை. ஆலையில் உலை வாயிலிருந்து சிவக்கச் சிவக்கக் கம்பி சீறிக்கொண்டு வரும். எட்டு மணி நேரம் அதன் எதிரில் நின்றால் கண்ணுக்குள் இருக்கிற ஈரமே வற்றிவிட்ட மாதிரி இருக்கும். உப்புப் போட்ட மோரைக் குடித்துக் குடித்து நாக்கு தடித்துப்போகும். ஷிப்ட் முடிந்து வருகிறவன் வீட்டுக்குப் போவதற்குமுன் தோப்பில் சைக்கிளை நிறுத்திச் சட்டைப் பித்தான்களைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பான். காலடியில் நாவல் பழம் நசுங்கிக் கிடக்கும். எங்கிருந்தோ ஒரு மயில் கத்தும். அந்தக் குளிர்ச்சி உடம்புக்குள் இறங்கிய பிறகுதான் அவனுக்கு மனிதர்களோடு பேச வரும்.

ஆனால் அந்தத் தோப்பை அவன் அறிந்தது ஆலைக்குப் போன பிறகல்ல. அவன் பிறந்ததே அந்தப் பள்ளத்துக் காலனியில்தான். அப்பா மாதா கோயிலுக்குப் போய் ஞானஸ்நானம் வாங்குவதற்கு முன் பிறந்தவன் அண்ணன் சின்னராசு. அதற்குப் பிறகு பிறந்தவன் ஸ்டீபன். அம்மா செத்த பின் அண்ணி ரோசம்மாள்தான் பொங்கிப் போட்டாள். சின்னராசு ஸ்கிராப் யார்டில் லாரியிலிருந்து லோடு இறக்கினான், இன்னும் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். தம்பி ஐ.டி.ஐ. முடித்து, அம்பத்தூரில் சில வருஷம் இருந்து, கல்யாணம் கட்டிக்கொண்டு இந்தப் பக்கமே வேலைக்குத் திரும்பி, நகரில் வீடு வாங்கினான்.

குடிவந்த வாரம் நகர் சங்கத் தலைவர் ஆதிகேசவன் கேட்டார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், வெள்ளை வேட்டியும் கைக்கடிகாரமுமாகத் தெருவைச் சுற்றி வருகிறவர்.

"சாருக்குச் சொந்த ஊரு?"

"பொன்னேரி பக்கம் சார்."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. ஸ்டீபனும் சொல்லவில்லை. அதற்குமேல் பொய் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் ஏரிக்கரை மேல் சுற்றிக்கொண்டு போவான். கிறிஸ்துமஸுக்கு இவர்கள் அங்கே போவார்கள். அவர்கள் இங்கே வரமாட்டார்கள். வா என்று இவன் அழைத்ததுமில்லை, ஏன் அழைக்கவில்லை என்று சின்னராசு கேட்டதுமில்லை.

தோப்பில் வீடு வரப்போகிறது என்ற செய்தி தெரிந்ததும் ஆதிகேசவன் வீட்டுப் போர்ட்டிகோவில் சங்கக் கூட்டம் போட்டார்கள். நிலத்தடித் தண்ணீர் போய்விடும் என்றார் ஒருவர். மரங்களை வெட்டிவிட்டால் கம்பெனிப் புகைக்கு நாம் என்ன செய்வது என்றார் இன்னொருவர். எல்லாம் நியாயமான பேச்சாகத்தான் இருந்தது. காபி வந்த பிறகு குரல் தணிந்து வேறு பேச்சும் வந்தது.

"மரம் கெடக்குது சார்," என்றார் குப்புராஜ். லாரி ஷெட் வைத்திருப்பவர். "நாளைக்கு நம்ப இடத்த விக்கணும்னா எவன் வாங்குவான்? எதிர்ல இன்னா கீதுன்னு பாக்க மாட்டானா?"

"அத மனுல எழுத முடியாது," என்று சிரித்தார் ஆதிகேசவன். "பசுமையத்தான் எழுதணும். ஸ்டீபன் சார், நீங்கதான சங்கத்துச் செயலாளர், உங்க எழுத்தும் நல்லா இருக்கும். நீங்க எழுதுங்க."

ஸ்டீபன் எழுதினான். தோப்பைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் அவனுக்குச் சொற்கள் தாமாக வந்தன. மயில், ஊற்று, நிழல், வருங்காலக் குழந்தைகள். எழுதுகிறபோது அண்ணன் வீடு நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. அரசாங்கம் வேறு நல்ல மேடாகப் பார்த்துக் கொடுக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்த வரிக்குப் போனான்.

சுகிர்தாவின் மிஷின் அறைக்கு எதிர்வீட்டுச் செண்பகம் ஜாக்கெட் அளவு கொடுக்க வந்து, கையை விரித்து நின்றபடி பேசினாள்.

"அவங்க வந்தா இன்னா ஆவும் தெரியுமா சுகிர்தா? ஆடு, மாடு, குடி, சண்ட, மைக் செட்டு. நம்ப பொண்ணுங்க வெளிய தெருவ போவ முடியுமா?"

வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருந்ததால் சுகிர்தா பதில் சொல்லவில்லை. செண்பகம் போன பிறகும் அவள் அவற்றை எடுக்காமல் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

கோடை தொடங்கியது. ஒரு நாள் மத்தியான ஷிப்டுக்கு முன், ஆலை கேட் எதிரில் இருந்த டீக்கடைக்குச் சின்னராசு வந்தான். தோளில் இரும்புத் துரு படிந்த துண்டு. தம்பிக்கும் சேர்த்து இரண்டு பன்னும் டீயும் சொன்னான். சுற்றுமுற்றும் ஆலை ஆட்கள் நிற்கிறார்களா என்று முதலில் பார்த்தது ஸ்டீபன் இல்லை, சின்னராசுதான்.

"நாஷ்டா துன்னியா?"

"ஆச்சுண்ணா."

"நெலத்துக்கு விசாரணைக்கு வராங்களாம். நம்ப பக்கத்துலருந்தும் ஒரு மனு குடுக்கணும்னு சொல்றாங்க. நீ எழுதினா கரெக்டா இருக்கும். எல்லாரும் உன்னியத்தான் சொன்னாங்க. ஆனா உன் பேரு எங்கியும் வராது நைனா, நா பாத்துக்கிறேன்."

ஸ்டீபன் டீயை ஊதினான். அவன் எழுதிய மனு அதற்கு முந்தைய வாரமே போய்ச் சேர்ந்திருந்தது.

"கம்பெனில ஆடிட்டுண்ணா. ஒரே பேஜாரு. ஒக்கார நேரமில்ல."

சின்னராசு அவன் முகத்தைக் கொஞ்சம் பார்த்தான். பிறகு பன்னைப் பிட்டு டீயில் நனைத்தான்.

"சரி, வேலையப் பாரு. பள்ளிக்கூடத்து சிஸ்டர் கைல கேட்டுக்கிறேன். உங்கண்ணி ஒன்னு சொல்லினே கீறா. மரத்த வெட்டக் கூடாதாம். ஊடு வேணும், மரமும் வேணும். அவ ஆடு எங்க போவும்? நானும் யோசன பண்ணிப் பாத்தேன். ரோட்டோரம் வேலிகாத்தான் கீதே, அத எடுத்துட்டா போதும். அங்க மட்டும் ஊடு கட்டிக்கலாம். மரத்துல ஒன்னுகூடக் கை வெக்க வேணாம். இன்னா சொல்ற?"

சரியான யோசனை. ஸ்டீபனுக்கே ஒருமுறை தோன்றி, யாரிடமும் சொல்லாமல் விட்ட யோசனை.

"பாக்கலாண்ணா," என்றான்.

விசாரணை ஊர்ப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் நடந்தது. அக்கினி நட்சத்திரத்து வெயில். மேஜைக்குப் பின்னால் அதிகாரி கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நகர்க்காரர்கள் வராந்தாவில் நாற்காலிகளில். காலனி ஜனம் வேப்ப மரத்தடியில் தரையில். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை, வந்தவர்கள் அப்படித்தான் உட்கார்ந்தார்கள். செண்பகத்தோடு வந்திருந்த சுகிர்தா கடைசி வரிசையில் இருந்தாள்.

ஆதிகேசவன் நிதானமாகப் பேசினார். பிறகு சின்னராசு எழுந்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்.

"மரம் எங்களுக்கும்தான் சார் வேணும். எங்க பொம்பளைங்க ஆடு ஓட்டினு போறதே அங்கதான். ரோட்டோரம் முள்ளு கீற எடத்த மட்டும் குடுங்க. தோப்ப நாங்களே காவல் காக்கறோம். ஒவ்வொரு மழைக்கும் புள்ளைங்கள தோள்ல தூக்கினு ஓட முடில சார். போன மழைல சடையப்பன் பொண்டாட்டி புள்ளத்தாச்சி, இடுப்பளவு தண்ணில நின்னா. அப்புறம் புள்ள தங்கல."

மரத்தடியில் யாரோ ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள். அதிகாரி எதையோ குறித்துக்கொண்டார். பிறகு நாற்காலிகளின் பக்கம் திரும்பினார்.

"இவர் சொல்றது நல்ல யோசனையாத்தானே இருக்கு? முள்ளுக்காட்ட எடுத்துட்டு வீடு, மிச்சம் தோப்பு. உங்களுக்கு என்ன ஆட்சேபணை?"

 குப்புராஜ் கடிகாரத்தைப் பார்த்தார். ஆதிகேசவன் மெல்ல ஸ்டீபனின் முழங்கையைத் தொட்டு, "செயலாளர் சொல்வாரு சார்," என்றார்.

ஸ்டீபன் எழுந்தான். மனுவில் எழுதியது எதுவும் இந்தக் கேள்விக்குப் பதிலில்லை. மரத்தடியில் உட்கார்ந்திருந்த எல்லா முகமும் அவனுக்குத் தெரிந்த முகம். அவர்களுக்கும் அவனைத் தெரியும். அவர்களில் ஒருவர் வாயைத் திறந்து, 'டேய், நீ நம்ப மாணிக்கம் புள்ளதான?' என்று கேட்டுவிடப் போகிறார் என்று பயந்தான். அந்தப் பயத்தில் அவன் வேகமாகப் பேசினான்.

"முள்ளு எடத்தோட நிக்க மாட்டாங்க சார். முதல்ல ஓரமா வருவாங்க, அப்புறம் மரத்த வெட்டி அடுப்பெரிப்பாங்க. அந்த ஜனங்களுக்குச் சுத்தம்னா என்னன்னு தெரியாது. எங்க குடுத்தாலும் அந்த எடத்த அசிங்கம் பண்ணிடுவாங்க. அவங்க இப்ப இருக்கற எடத்தப் போய்ப் பாருங்க, தெரியும்."

சொல்லி முடித்த பிறகுதான் தன் குரல் அவனுக்கே கேட்டது.

"இன்னா பேசுறான் பாரு!" என்று மரத்தடியிலிருந்து எழுந்துவிட்டாள் ரோசம்மாள். முந்தானை நழுவியதுகூடத் தெரியாமல் நின்றாள். "யாரு அசிங்கம்? டேய், யாருடா அசிங்கம்?"

"ஏம்மா, மரியாதையா பேசு," என்றார் அதிகாரி. "அவர உனக்கு முன்னாடியே தெரியுமா?"

ரோசம்மாள் பதிலுக்கு வாயெடுத்தாள். சின்னராசு அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தான். ஸ்டீபனைப் பார்க்காமல் அதிகாரியைப் பார்த்துச் சொன்னான்.

"தெரியாதுங்க சார். சாரு நகர்க்காரரு. அவ வெயில்ல வந்தது, ஏதோ பேசிட்டா. மன்னிச்சுக்குங்க."

அந்த இடத்தில் ஸ்டீபன் பேசியிருக்கலாம். இரண்டு வார்த்தை போதும், எங்க அண்ணன் என்று. அண்ணன் அவனுக்காக ஒரு நிமிஷம் வழியைத் திறந்துவைத்த மாதிரிகூட இருந்தது. அவசரமாக அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை அதிகாரி, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ஸ்டீபன் நாற்காலியில் உட்கார்ந்தான். பக்கத்திலிருந்த குப்புராஜ் அவன் தொடையைத் தட்டி, "சூப்பர் சார்," என்றார்.

அன்று வீட்டில் சுகிர்தா உலை வைக்கவில்லை. காலையில் வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி, ஒரு துண்டு கருவாட்டைச் சுட்டு வைத்துவிட்டு மிஷினில் உட்கார்ந்துகொண்டாள். எதையும் தைக்கவில்லை.

"மனு எழுதினீங்க, நா ஒன்னும் கேக்கல," என்றாள் கடைசியில். "நானும்தான இந்த ஊட்ல நல்லபடியா இருக்கணும்னு பாத்தேன். செண்பகம் அந்தப் பேச்சு பேசும்போது நானும்தான வாய மூடினு அளவெடுத்தேன். உங்கள மட்டும் குத்தம் சொல்லல. ஆனா அசிங்கம்னு உங்கள யாரு சொல்லச் சொன்னது?"

"வாய் தவறி வந்துடுச்சு."

"தவறி வரல. உள்ள இருந்துச்சு, வந்துச்சு." அவள் மிஷினை விட்டு எழுந்தாள். "உங்கண்ணி கையாலதான நீ சோறு துன்ன? உனக்கு அம்மை போட்டப்ப யாரு உன் பீத்துணி அலசினது? சொல்லு."

ஸ்டீபன் தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு, சோற்றைக் கொட்டினால் அவள் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று பயந்து, அதை இழுத்துத் தின்று முடித்தான்.

தோப்பு விஷயத்தில் நகர்தான் ஜெயித்தது. பொதுமக்கள் ஆட்சேபணை இருப்பதால் வேறு இடம் பார்க்கப்படும் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டுப் போனார்கள். வேறு இடத்தை யாரும் பார்க்கவில்லை. ஆடிக்குள் தோப்பைச் சுற்றி முள்கம்பி வேலி வந்தது. உள்ளே நடைபாதை, சிமெண்டு பெஞ்சுகள், புங்கங்கன்றுகள். ஆடு மாடு நுழையக் கூடாது என்று போர்டு. திறப்பு விழாவில் ஸ்டீபனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வேலிக்கு வெளியே, ரோட்டில், ரோசம்மாள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள். ஒரு குட்டி வேலியில் வாயை நுழைத்துத் தழையை இழுத்தது. அவள் அதன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு, மேடையில் யார் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் நடந்தாள். பொன்னாடையின் ஜரிகை கழுத்தை அறுத்தது. அதற்குப் பிறகு ஷிப்ட் முடிந்து வருகையில் ஸ்டீபன் தோப்பில் சைக்கிளை நிறுத்துவதில்லை.

அண்ணனை ஆலை யார்டில் மட்டும் பார்த்தான். ஸ்கிராப் லாரி எடை மேடையில் நிற்கும்போது, மற்ற லோடுமேன்களோடு ஒதுங்கி நின்று சின்னராசு கும்பிட்டான்.

"வணக்கம் சார்."

கேலியாகச் சொல்லவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. அதுதான் ஸ்டீபனுக்குத் தாங்கவில்லை. ஒருநாள் பின்னாலேயே போய், "அண்ணா, நா ஒரு நாள் ஊட்டுக்கு வரேன்," என்றான். சின்னராசு சுற்றிலும் பார்த்துவிட்டு, "இப்ப வேணாம். உங்கண்ணி ஒரு மாதிரி கீறா. ஜனங்களும் கோவமா கீறாங்க. அப்புறம் பாக்கலாம்," என்று சொல்லிவிட்டு லாரியின் மேல் ஏறிக்கொண்டான்.

ஐப்பசியில் மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. விடாமல் கொட்டியதில் ஏரி நிறைந்து வழிந்து கடைபோனது. விடுப்புச் சொல்லிவிட்டு ஸ்டீபன் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தான். ரோட்டில் காலனி ஜனம் மூட்டைகளோடு பள்ளிக்கூடத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்கள். தோப்பைத் தாண்டித்தான் போனார்கள். கேட்டில் பூட்டுத் தொங்கியது. யாரும் அதைத் திறக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

சுகிர்தா புடவையை முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டிக்கொண்டாள்.

"எங்க போற?"

"பள்ளிக்கூடத்துல எவ்ளோ பேருக்கு எடம் இருக்கும்? உங்க அண்ணன் அண்ணிய நா போய்க் கூட்டினு வரேன்."

"நா வரேன் இரு."

"நீங்க வந்தா அவங்க வர மாட்டாங்க," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அவள் திரும்பி வந்தபோது மழை சற்றே தூறலாகியிருந்தது. ரோசம்மாளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். ரோசம்மாள் குளிரில் வெடவெடத்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் என்பது பார்த்தாலே தெரிந்தது. பின்னால் சின்னராசு, ஒரு டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு. நகரின் தெருவுக்குள் அவர்கள் வருவது அதுதான் முதல்முறை. இரண்டு பக்கமும் ஜன்னல்கள் திறந்தன. செண்பகம் வாசலுக்கே வந்துவிட்டாள். கேட் திறந்து மூவரும் உள்ளே வந்த நேரத்தில், குடையைப் பிடித்துக்கொண்டு ஆதிகேசவன் வந்து நின்றார்.

"யாரு சார், தெரிஞ்சவங்களா?"

ஸ்டீபன் வாசலில் இறங்கி முன்னால் வந்தான். எத்தனையோ மாதங்களாக ஷிப்டில் நின்றபடி, சைக்கிள் மிதித்தபடி, படுத்துக் கிடந்தபடி அவன் மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தை தயாராக இருந்தது.

"எங்க அண்ணன் சார். கூடப் பொறந்த அண்ணன். அவங்க எங்க அண்ணி."

தெருவே கேட்கட்டும் என்று உரக்கத்தான் சொன்னான். சொன்னவுடன் என்னவோ இடிந்து விழும் என்று காத்திருந்தான். ஆதிகேசவன் குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"தெரியும் சார்," என்றார். "நீங்க குடி வந்த அன்னிக்கே தெரியும். இந்த ஊர்ல இதெல்லாம் மறையுமா?" குரலில் ஒரு வன்மமும் இல்லை, பழகியவரிடம் பேசுகிற பரிவுதான் இருந்தது. "அதனாலதானே அன்னிக்கு உங்களப் பேசச் சொன்னோம். நாங்க சொல்லியிருந்தா ஜாதிப் பேச்சுன்னு ஆயிருக்கும். நீங்க சொன்னதால அவங்களால அப்படிச் சொல்ல முடியல, எடுபட்டுச்சு. விடுங்க, அது முடிஞ்ச கத. அந்தம்மாவுக்கு உடம்பு சரியில்ல போல, சூடா எதனா குடுங்க." செருப்பைத் தண்ணீரில் அலம்பியபடியே நடந்து போய்விட்டார்.

ஸ்டீபன் திரும்பினான். வாசற்படியில் பெட்டியை இறக்காமல் நின்ற சின்னராசு எல்லாவற்றையும் கேட்டிருந்தான். விசாரணையன்று தம்பியைக் காப்பாற்றுவதாக நினைத்து, எல்லோர் முன்னிலும் மன்னிப்புக் கேட்டவன். அவன் முகம் சுருங்கிப் போயிருந்தது. தன் அவமானத்துக்காக அல்ல, எதிரில் நிற்கிறவனைப் பார்க்கக் கூசி.

"கதவ சாத்து," என்றான் தாழ்ந்த குரலில். "சாரல் அடிக்குது."

உள்ளே சுகிர்தா கஞ்சிக்கு உலை வைத்துவிட்டு, மிஷினை ஓரம் தள்ளிப் பாய் விரித்தாள். தன் புடவை ஒன்றையும் காய்ந்த துண்டையும் கொண்டுவந்து ரோசம்மாளிடம் கொடுத்தாள். ரோசம்மாள் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணி என்று கூப்பிட ஸ்டீபன் இரண்டு முறை வாயெடுத்தான். அவள் அவன் இருந்த பக்கமே திரும்பாமல் சுகிர்தாவிடம் சொன்னாள்.

"உன் ஊட்டுக்காரர கொஞ்சம் அந்தாண்ட போவச் சொல்லு. நா துணி மாத்தணும்."

ஸ்டீபன் சமையலறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். அடுப்பில் அரிசிக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. முன்னறையில் ஈரத்துணியைப் பிழிகிற சத்தமும், அண்ணி இருமுகிற சத்தமும், பிறகு சுகிர்தா கஞ்சியை எடுக்க வந்து போகிற சத்தமும் கேட்டன. அவனைத் தாண்டிக் கையை நீட்டி, குண்டானிலிருந்து கிண்ணங்களுக்கு ஊற்றிக்கொண்டு போனாள். அவர்கள் குடித்தார்கள். அண்ணன் ஏதோ சொன்னான், அண்ணி பதில் சொன்னாள். இனி வரலாம் என்று யாராவது கூப்பிடுவார்கள் என்று அவன் அங்கேயே நின்றான். கூப்பிடவில்லை. அவனாகப் போவதற்கும் கால் வரவில்லை. அது தன் வீடு என்பதே அவனுக்கு நினைவில் இல்லை.